இரண்டு விரற்கடை தள்ளி ஓடிய கார்

தஞ்சாவூர் ஜில்லாவில் அந்தக் காலத்தில் கார் வைத்திருந்த அத்தனை பேரும் ஒரே ஒரு ஆளுக்குத்தான் பயந்தார்கள். கலெக்டருக்கு இல்லை, போலீசுக்கு இல்லை, கும்பகோணம் கயிறு மெக்கானிக்குக்கு. அவருக்கோ கார் ஓட்டத் தெரியாது.

ஓட்டத் தெரியாது என்பது மட்டுமில்லை, காரில் ஏறி உட்கார்ந்ததே கிடையாது. காருக்குக் கீழே படுத்திருக்கிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் சைக்கிள்தான். அந்தச் சைக்கிளின் முன்சக்கரம் கோணல். தூரத்தில் அவர் வருவதைப் பார்த்தால் ஏதோ ஆட்டப் போட்டியில் எதிராளி இல்லாமல் தனியாக ஆடிக்கொண்டு வருகிற மாதிரி இருக்கும். ஊரார் வண்டிக் கோணலையெல்லாம் எடுக்கிறீங்களே, இதை எடுக்கக் கூடாதா என்று ஒருமுறை கேட்டேன். "இடிபட்டு வந்த கோணலைத்தான் எடுக்கலாம். இவங்க பிறவியே அப்படி. பிறவிக் கோணலை எடுத்தா உசுரு போயிடும்" என்றார். சைக்கிளைத்தான் 'இவங்க' என்றார்.

அது அவர் வழக்கம். வண்டிகளுக்கு மரியாதை உண்டு, மனிதர்களுக்குக் கிடையாது. கார், லாரி, டிராக்டர், தண்ணி இறைக்கிற இஞ்சின் எல்லாம் அவருக்கு 'அவங்க', 'வாங்க', 'சொல்லுங்க'. வண்டிக்குச் சொந்தக்காரர் எத்தனை பெரிய ஆளானாலும் 'நீ', 'வா', 'போ'. ஒரு தாசில்தார் தன் காருக்கு என்ன ஆயிற்று என்று விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்தாராம். இவர் காதைச் சொறிந்துகொண்டு, "உன்னைக் கேக்கலய்யா. அவங்களைக் கேக்கிறேன். கொஞ்சம் தள்ளி நில்லு" என்றாராம். தாசில்தார் தள்ளி நின்றார். வேறு வழி? கல்லில் மோதி, கட்டையில் ஏறி, கோணல் விழுந்த வண்டியை இன்ன இடத்தில் இன்ன அளவு கோணல் என்று சொல்ல அவரைவிட்டால் திருச்சிக்குத்தான் போக வேண்டும்.

பெயர் கயிறு மெக்கானிக் என்று வந்தது இடுப்பில் சுற்றியிருந்த கயிற்றால். சாணுக்கு ஒரு முடிச்சு, முடிச்சுக்கு ஒரு சிவப்புத் துணி. நடவு வயலில் வரிசை பிடிக்க நாங்கள் இழுத்துக் கட்டுகிற கயிறேதான். யாரோ விவசாய ஆபீசர் புது மாதிரி நடவு என்று வயலில் கயிறு கட்டிக் காட்டியதை இவர் வரப்பில் நின்று பார்த்திருக்கிறார். நாற்றுக்கு ஆகிறது சக்கரத்துக்கு ஆகாதா என்று போய்க் காருக்குக் கட்டிவிட்டார். நாலு சக்கரத்தையும் ஒட்டிக் கயிற்றைச் சுற்றி இழுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தரையில் கன்னம் படக் குனிந்து பார்ப்பார். எந்தச் சக்கரம் உள்ளே போயிருக்கிறது, எது வெளியே வந்திருக்கிறது, எது முன்னே பின்னே நகர்ந்திருக்கிறது என்று முடிச்சுக் கணக்கில் சொல்லுவார்.

கயிறு கட்டுவதற்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. மடியிலிருந்து மடித்த வெற்றிலை ஒன்றை எடுத்து, பாக்கு புகையிலை எல்லாம் வைத்து, கார்க்காரர் வாயில் அடைத்துவிடுவார். கும்பகோணத்து வெற்றிலை, கைக்குழந்தை முகம் அகலம். அதை வாயில் வைத்துக்கொண்டு எந்த மனிதனும் பேச முடியாது. மரியாதைக்குக் கொடுக்கிறார் என்று முதலில் நினைப்பார்கள். "இவன் பேசினா நான் இவன் சொன்னதைத்தான் தேடுவேன். அவங்களுக்கு என்ன வலின்னு தெரியாமப் போயிடும்" என்பது அவர் நியாயம். ஒரு டாக்டர் வெற்றிலை போட மாட்டேன் என்று பிடிவாதமாக, ராத்திரி எருமை குறுக்கே வந்து மோதிவிட்டது என்று சொன்னார். இவர் காருக்குக் கீழே போய்விட்டு வந்து, "எருமை ஒரு சாண் உயரம்தானா?" என்று கேட்டார். டாக்டர் அதற்கப்புறம் எந்த மைல்கல்லைப் பார்த்தாலும் வேகத்தைக் குறைத்துக்கொண்டார் என்று கேள்வி.

இப்படிப்பட்டவர் எங்கள் ஊருக்கு வந்தது ஒரு தை மாதம். அந்த வருஷம் அறுவடை நடக்கவில்லை.

ஆட்சி மாறி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. பண்ணையாரை 'ஆண்டே' என்று கூப்பிடுவதை விட்டு 'ஐயா' என்று கூப்பிட நாங்கள் பழகிக்கொண்டிருந்த காலம். வாய் பழகிவிட்டது, அவருக்குக் காதுதான் பழகவில்லை. அறுப்புக் கூலிக்கு நெல் கூட்டிக் கேட்டு எங்கள் தெருவே வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தது. நெல் முற்றித் தலை சாய்ந்து நின்றது. களத்தை மெழுகித் தயாராக வைத்திருந்தார்கள். அடிக்கத்தான் ஆள் இல்லை.

என் தம்பி கோவிந்தன் பண்ணையாரின் அம்பாசிடர் காருக்கு டிரைவர். எங்கள் தெருவில் முதன்முதல் லைசென்ஸ் எடுத்தவன் அவன்தான். அதை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தோம். அவனுக்கு மாதச் சம்பளம், அறுப்புக் கூலிக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் அக்காவும் ஆத்தாவும் வேலைக்குப் போகாதபோது தான்மட்டும் போவது எப்படி என்று, ஒரு நாள் காரை நன்றாகக் கழுவித் துடைத்து, கொட்டகையில் விட்டு, சாவியைப் பண்ணைக் கணக்கைப் பார்க்கிற காரியஸ்தர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டான்.

பண்ணையாருக்கு மற்றவர்கள் வராததைவிட இவன் வராததுதான் தைத்தது. மூன்றாம் நாள் கும்பகோணத்தில் கூலி விஷயமாகப் பேச்சுவார்த்தை. வேறு டிரைவர் வைத்துக்கொள்ளலாம் என்று காரியஸ்தர் சொல்லியிருக்கிறார். ஆறு வருஷமாகப் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன், இதென்ன பெரிய வித்தை என்று பண்ணையார் தானே எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். முன்சீட்டு அவருக்குப் புதுசு. எங்கள் தெருவைத் தாண்டும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே, தேரில் வந்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் திரும்பி வந்தபோது கார் நண்டு மாதிரி வந்தது. மூக்கு ஒரு பக்கம் பார்த்தது, உடம்பு ஒரு பக்கம் போயிற்று. ஸ்டியரிங் கையில் நிற்காமல் உதறியதாம். பண்ணையார் இறங்கியதும் சொன்ன முதல் வார்த்தை, கோவிந்தன் சாவியைக் கொடுப்பதற்கு முன் அடியில் எதையோ கழற்றிவிட்டான் என்பது. தன்னைக் கொல்லப் பார்த்தான் என்று மறுநாள் காலைக்குள் அது வளர்ந்துவிட்டது. காரியஸ்தர் உட்கார்ந்து புகார் எழுதினார். மத்தியானம் இன்ஸ்பெக்டர் வருவதாக ஏற்பாடு. அந்த நாளில் எங்கள் தெருவிலிருந்து ஒருத்தன் உள்ளே போனால் எப்போது வருவான் என்று யாருக்கும் தெரியாது. கொலை முயற்சி என்றால் லைசென்ஸ் போவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை, ஆளே போய்விடுவான்.

புகாருக்குச் சாட்சியாக விவரம் தெரிந்தவர் ஒருவர் வேண்டும் என்று, பண்ணையாரே கயிறு மெக்கானிக்குக்கு ஆள் அனுப்பினார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அப்படித்தான்.

அவர் காலையிலேயே ஆடிக்கொண்டு வந்து சேர்ந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். "என்னங்க, இப்படி ஆயிட்டீங்க?" என்று அதன் மூக்கைத் தடவினார். பிறகு பண்ணையார் பக்கம் திரும்பி, "நீதான் ஓட்டினியா?" என்றார். எங்கள் ஊரில் பண்ணையாரை நீ என்று சொன்ன முதல் ஆள். பண்ணையார் வாயைத் திறப்பதற்குள் வெற்றிலை உள்ளே போய்விட்டது.

தடம் பார்க்க ஈரத்தரை வேண்டும் என்றார். மெழுகின களம் சும்மா கிடந்தது. அதில் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். இஞ்சின் போடாமல் நடை வேகத்தில் தள்ளவேண்டும் என்றார். தள்ள யார் இருக்கிறார்கள்? காரியஸ்தர் தலையைக் குனிந்துகொண்டு எங்கள் தெருவுக்கு வந்தார்.

கொடிக்கம்பத்தடியில் எங்கள் விவசாயக் கூலிகள் சங்கம் கூடிற்று. காரைத் தள்ளுவது பண்ணை வேலையா இல்லையா என்று வெயில் ஏறும்வரை பேசினார்கள். களத்தில் நடப்பதால் பண்ணை வேலைதான் என்றது ஒரு கட்சி. நெல் சம்பந்தப்படாததால் இல்லை என்றது இன்னொரு கட்சி. கடைசியில், கோவிந்தனுக்காகத் தள்ளலாம், ஆனால் கூலி வாங்கக் கூடாது, வாங்கினால் வேலைநிறுத்தம் முறிந்துபோகும் என்று தீர்மானமாயிற்று. காரியஸ்தர், யார் கூலி தருகிறேன் என்றது என்று முணுமுணுத்தார்.

ஸ்டியரிங்கை யார் பிடிப்பது? கோவிந்தனைக் கிட்ட விடமாட்டோம் என்றார்கள். மெக்கானிக்குக்குத் தெரியாது. நேற்று பிடித்தவனே பிடிக்கட்டும் என்று சொல்லிவிட்டார். ஆக, வாய் நிறைய வெற்றிலையோடு பண்ணையார் முன்சீட்டில் உட்கார, பின்னால் எங்கள் ஆட்கள் எட்டுப் பேர் தோள் கொடுக்க, கார் களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகர்ந்தது. வேலைநிறுத்தம் தொடங்கியதிலிருந்து பண்ணையாரும் எங்கள் ஆட்களும் ஒரே திசையைப் பார்த்துப் போனது அந்த முப்பது கஜம்தான்.

ஈரத்தில் தடம் நன்றாக விழுந்திருந்தது. மெக்கானிக் அதைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தார்.

"உங்கள்ல கயிறு கட்டி நடுறப்ப முதல் வரிசை பிடிக்கிறது யாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேறு யாரைப் பார்ப்பார்கள்? நான் நட்டு முடித்த வரிசையைக் கயிறு போட்டுப் பார்த்த ஆபீசர், கயிறுதான் கோணல் என்று சொல்லிச் சுருட்டிக்கொண்டு போனவர். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்தது.

"வா தங்கச்சி. முன்சக்கரத் தடத்து மேலயே பின்சக்கரத் தடம் உழுந்திருக்கா, தள்ளி உழுந்திருக்கா, பார்த்துச் சொல்லு" என்றார்.

நீங்களே பார்க்கக் கூடாதா அண்ணே என்றேன். தனக்குக் காரணம் தெரியுமாம், காரணம் தெரிந்த கண் அதற்குத் தகுந்த மாதிரி பார்க்குமாம். பண்ணையார் வெற்றிலைக்குள்ளிருந்து ஏதோ சத்தம் போட்டுக் கையை ஆட்டினார். அவருக்காகக் காரியஸ்தர் பேசினார்: "அவ டிரைவரோட அக்கா. தம்பிக்குத் தோதாத்தான் சொல்லுவா."

"இந்தப் பொண்ணு வயல்ல உனக்குத் தோதா நடுமா, கயித்துக்குத் தோதா நடுமா?" என்றார் மெக்கானிக். காரியஸ்தர் ஒதுங்கி வழிவிட்டார். என் நடவில் குற்றம் சொன்னால் அந்த வருஷ வெள்ளாமையையே குற்றம் சொன்ன மாதிரி ஆகும்.

நான் தடத்தின் தலைமாட்டில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். கோவிந்தன் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். காரியஸ்தர் கையில் புகார்க் காகிதம். எனக்குத் தெரிந்த நியாயம் இவ்வளவுதான்: நேர் என்று சொன்னால் வண்டியில் குறை இல்லை, குறை இல்லையென்றால் தம்பி ஒன்றும் செய்யவில்லை. கோணல் என்று சொன்னால், கோணலாக்கினது யார் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் ஏற்கெனவே எழுதித் தயாராக இருந்தது.

பார்த்தேன். கண்ணுக்குத் தெரிந்தது தெரிந்துவிட்டது. பின்சக்கரத் தடம் முன்தடத்தில் படியவில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் இடப்பக்கமாக ஒதுங்கி, ஒரே அளவாக ஓடியிருந்தது. வாயில் நேர் என்ற வார்த்தைதான் இருந்தது. ஆனால் கோணலான ஒரு வரிசையைப் பார்த்துக்கொண்டே நேர் என்று சொல்ல எனக்கு வரவில்லை. இத்தனை வருஷம் சேற்றில் குனிந்து நான் சம்பாதித்தது அந்த ஒன்றுதான்.

"தள்ளி இருக்கு. இடது பக்கம், ரெண்டு விரக்கடை" என்றேன்.

"என்னக்கா" என்றான் கோவிந்தன். அவ்வளவுதான் சொன்னான். அந்த மூன்றெழுத்து உறவுமுறை அன்றைக்குக் கேட்ட மாதிரி எனக்கு எப்போதும் கேட்டதில்லை. காரியஸ்தர், பார்த்தீங்களா, அவ வாயாலயே வந்துடுச்சு என்று காகிதத்தை விரித்தார்.

மெக்கானிக் அதையெல்லாம் கவனிக்காமல் சாக்கை விரித்துப் போட்டுக் காருக்குக் கீழே போய்விட்டார். கால் மட்டும் வெளியே. பேச்சு மட்டும் வந்தது, எங்களிடம் இல்லை, காரிடம். "அடடா... இதையுமா தாங்கிட்டு வந்தீங்க? கும்பகோணத்துலேருந்தா?" இப்படியே வெகுநேரம். பண்ணையார் வெற்றிலையைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்ததும் காரியஸ்தரைப் பிடித்துக் கீழே படுக்கவைத்தார். மனுஷன் வெள்ளை வேட்டியோடு படுத்தார். "பின் அச்சை வில்பட்டையோட சேர்த்துப் புடிக்கிற நட்டுங்க இதெல்லாம். மேல என்ன இருக்கு?" என்று கேட்டார். மண்ணு என்று கீழிருந்து பதில் வந்தது. "எத்தனை வருஷத்து மண்ணு. கல்லு மாதிரி ஆயிருக்கு. ஸ்பேனர் பட்டிருந்தா உதிர்ந்திருக்குமா, இல்லையா?" உதிர்ந்திருக்கும் என்றது கீழே. அந்த நட்டுகளை யாரும் தொடவில்லை, ஆனால் வில்பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே புதைந்திருக்கிற போல்ட்டு அறுந்து, அச்சு இடப்பக்கம் பின்னால் நகர்ந்திருக்கிறது, அங்கே மனிதக் கை போகாது, முட்டுப்பட்டால்தான் அறும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

பிறகு இடப்பக்கத்து முன்சக்கரத்தைக் காட்டினார். இரும்பு வளையத்தின் விளிம்பு நசுங்கி உள்வாங்கியிருந்தது. டயரின் பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவு புடைப்பு. ஸ்டியரிங் உதறியது அதனால்தானாம். பின்சக்கரத்திலும் அதே உயரத்தில் அதே நசுங்கல். நகத்தால் சுரண்டி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் வெள்ளை.

கும்பகோணம் போகிற வழியில் நாலு ரோடு சேரும் இடத்தில், ஏதோ ஒரு மாநாட்டுக்காகப் புதிதாக ஒரு ரவுண்டானா கட்டிச் சுற்றிலும் கறுப்பு வெள்ளை அடித்த கல் பதித்திருந்தார்கள். பார்க்காதவர்கள் எங்கள் ஊரில் யாரும் இல்லை.

"திரும்புறப்ப இடிச்சிருந்தா முன்சக்கரத்தோட போயிருக்கும். இவங்க திரும்பவே இல்லை. பிரேக்கும் போடலை. முன்காலை வச்சு ஏறி, பின்காலை வச்சு ஏறி, அந்தப் பக்கம் இறங்கிப் போயிருக்காங்க" என்றார் மெக்கானிக். பண்ணையாரை ஒருமுறை பார்த்தார். "பயந்தவன் ஓட்டினது இல்லை இது. ரோடு தன்னுதுன்னு நினைச்சவன் ஓட்டினது."

பண்ணையார் காரைவிட்டு இறங்கினார். மாட்டுத் தொட்டிப் பக்கம் போய்த் துப்பினார். சொம்பில் தண்ணீர் வாங்கி வாய் கொப்பளித்தார். மறுபடியும் கொப்பளித்தார். மேல்துண்டால் துடைத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பி வந்தார்.

"அந்த ரவுண்டானா போன மாசம் அங்க கிடையாது" என்றார்.

மெக்கானிக் உள்ளங்கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டார்.

"எங்கப்பா காலத்துலேருந்து அது நேராப் போற ரோடு. நான் நேராத்தான் போனேன்."

"நேராத்தான் போயிருக்க. அதான் இவங்க கோணலா வந்திருக்காங்க" என்றார் மெக்கானிக்.

நின்றிருந்த அத்தனை பேரும் சிரிப்பைத் தெரு முனை வரைக்கும் அடக்கிக்கொண்டு போனோம். தெரு முனையில் விட்டோம். பண்ணை வீட்டுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும். பண்ணையார் காரியஸ்தர் கையிலிருந்த காகிதத்தை வாங்கி மடித்து மடியில் செருகிக்கொண்டார், அதை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. மத்தியானம் வந்த இன்ஸ்பெக்டருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கேட்ட நெல்லில் பாதிக்குமேல் ஒத்துக்கொண்டு அறுப்புத் தொடங்கியது அதற்கடுத்த வாரம். கோவிந்தன் பண்ணைக்குத் திரும்பிப் போகவில்லை. பஸ்ஸுக்குப் போய்ச் சேர்ந்து, அந்த ரவுண்டானாவை இருபத்தைந்து வருஷம் சுற்றினான்.

அன்று மெக்கானிக் சைக்கிளை எடுக்கும்போது நான் போய், நேருன்னு சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும் அண்ணே என்று கேட்டேன்.

"உன் தம்பி போயிருப்பான். அப்புறம் நான் எதைக் காட்டினாலும் ரெண்டு பேரும் பேசி வச்சதும்பாங்க. நீ தம்பிக்கு எதிராச் சொன்னதாலதான் மத்ததையும் நம்பினாங்க" என்றார். கொஞ்சம் யோசித்து, "ரெண்டு விரக்கடையா, ரெண்டரையா?" என்று கேட்டார்.

"ரெண்டுதான்" என்றேன்.

"நான் ரெண்டரைன்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு ஆடிக்கொண்டே போனார்.

அதற்குப் பிறகு அவருக்குப் பிடிபடாத வண்டி வந்தால் சைக்கிளில் எங்கள் வயலுக்கு வந்துவிடுவார். வரப்பில் நிற்பார். கூட நடுகிறவர்கள், "பட்டு, உன் கார் டாக்டர் வந்துட்டாரு" என்று கேலி செய்வார்கள். தாசில்தாரைத் தள்ளி நிற்கச் சொன்னவர், வெயிலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நிற்பார். எவ்வளவு அவசரமானாலும் நான் வரிசையின் நடுவில் இருக்கும்போது ஒருநாளும் என்னைக் கூப்பிட்டதில்லை.

அவர் போய்விட்டார் என்று ஒரு ஐப்பசியில் ஆள் வந்து வரப்பில் நின்று சொன்னது. எல்லோரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்தபடியே வரிசையை முடித்துவிட்டுத்தான் கரை ஏறினேன்.